வயிற்றுச் சிரையில் புடைப்பா? முதலில் கேட்க வேண்டியது, எந்தச் சிரை என்பதுதான்

வயிற்று வலிக்கு ஸ்கேன் எடுக்கப் போகிறார் ஒருவர். பித்தப்பையில் கல் இருக்குமோ என்ற சந்தேகம்தான். கல் இல்லை என்று வந்துவிடுகிறது, நிம்மதி. ஆனால் ரிப்போர்ட்டின் நடுவில் யாரும் எதிர்பார்க்காத ஒரு வரி கிடக்கிறது: "போர்ட்டல் சிரையில் அனியூரிசம் போன்ற விரிவு, 24 மி.மீ." வீடு வந்து சேர்வதற்குள் அவர் போனில் "அனியூரிசம்" என்று தேடிவிடுகிறார். வெடிக்கும், உள்ளுக்குள் ரத்தம் கொட்டும், நிமிடங்களில் உயிர் போய்விடும் என்றெல்லாம் வருகிறது. அன்று இரவு அவருக்குத் தூக்கம் இல்லை.

அவர் படித்தது எதுவும் பொய்யில்லை. ஆனால் அத்தனையும் இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுபோகும் தமனியைப் பற்றியது. அவருக்கு இருப்பது உறுப்புகளிலிருந்து ரத்தத்தைத் திருப்பி எடுத்துவரும் சிரையில். இந்த வித்தியாசத்தை யாராவது பத்து நிமிடம் உட்கார்ந்து சொல்லியிருந்தால் அந்த இரவு அவர் தூங்கியிருப்பார். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அனியூரிசம் என்றால் ரத்தக்குழாய் ஓரிடத்தில் மட்டும் புடைத்திருப்பது. குழாய் முழுக்க ஒரே சீராகத் தடித்திருந்தால் அதை வெறும் விரிவு என்பார்கள். ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் பை போலவோ, நடு பெருத்து இரு முனையும் சிறுத்த கதிர் போலவோ உப்பியிருந்தால்தான் அனியூரிசம். தமனிக்கு இதில் ஓரளவு தெளிவான கணக்கு உண்டு: இயல்பான அகலத்தைப் போல ஒன்றரை மடங்கு ஆகிவிட்டால் அனியூரிசம். சிரைக்கு அப்படி எல்லோரும் ஒத்துக்கொண்ட ஒரே கணக்கு கிடையாது. காரணம் எளிது. சிரையின் சுவர் மெல்லியது, இழுத்தால் விரியும், அமுக்கினால் ஒட்டிக்கொள்ளும். மூச்சை இழுத்துப் பிடித்தால் ஒரு அளவு, விட்டால் ஒரு அளவு. நன்றாகத் தண்ணீர் குடித்தவருக்கு ஒரு மாதிரி, உடலில் நீர் வற்றியவருக்கு வேறு மாதிரி. அதனால் ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு பதறுவதில் அர்த்தமில்லை.

சரி, தமனிக்கும் சிரைக்கும் உள்ள பெரிய வித்தியாசத்துக்கு வருவோம். கையில் பட்டை கட்டி 120/80 என்று அளக்கிறார்களே, அது தமனியின் அழுத்தம். இதயம் ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் அந்த வேகத்தில் ரத்தம் சுவரை மோதுகிறது. குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுபோகும் போர்ட்டல் சிரையில் இயல்பான அழுத்தம் அதே அளவுகோலில் வெறும் 5 முதல் 10 தான். இதயத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பெருஞ்சிரையில் அதைவிடவும் குறைவு. ஒரு குழாயின் சுவர் எவ்வளவு இழுபடுகிறது என்பது உள்ளே இருக்கும் அழுத்தத்தையும் குழாயின் அகலத்தையும் பெருக்கினால் வருவது. அகலம் கூடினால் இழுவிசை கூடும், உண்மைதான். ஆனால் பெருக்கப்படும் அழுத்தமே பத்தில் ஒரு பங்குதான் என்னும்போது, தமனியில் 6 செ.மீ. புடைப்பு தரும் அபாயத்தைச் சிரையில் உள்ள புடைப்போடு ஒப்பிடவே முடியாது. வெடிப்பு நடக்கவே நடக்காது என்று சொல்லவில்லை, நடந்திருக்கிறது. ஆனால் அரிதான நோயில் அது இன்னும் அரிதான நிகழ்வு.

அப்படியானால் சிரையில் புடைப்பு வந்தால் எதற்குப் பயப்பட வேண்டும்? ரத்தம் உறைவதற்கு. வேகமாக ஓடும் வாய்க்கால் திடீரென்று ஒரு குட்டைக்குள் நுழைந்தால் தண்ணீர் என்ன செய்யும்? ஓரத்தில் சுழலும், மெதுவாகும், சில மூலைகளில் அசையாமல் நிற்கும், அங்கே பாசி பிடிக்கும். சிரையில் ஏற்கெனவே ஓட்டம் மெதுவானதுதான், பைக்குள் நுழையும்போது இன்னும் மெதுவாகிறது. தேங்கிய ரத்தம் உறைந்து ரத்தக் கட்டியாகும், இனி வெறுமனே கட்டி என்று சொன்னால் அதைத்தான். ஆக, தமனிப் புடைப்பு என்றால் வெடிப்பு பற்றிய கவலை, சிரைப் புடைப்பு என்றால் கட்டி பற்றிய கவலை. இந்த ஒரு வரியை மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் தானாகப் புரியும்.

ஏனென்றால் அடுத்த கேள்வி தானாகவே வந்துவிடுகிறது. கட்டி உண்டாகி, அதிலிருந்து ஒரு துண்டு பிய்ந்தால், அது எங்கே போகும்?

வயிற்றில் சிரை ரத்தம் இரண்டு வழிகளில் ஓடுகிறது. கால்கள், இடுப்பு, சிறுநீரகங்கள் ஆகியவற்றிலிருந்து வரும் ரத்தம் முதுகெலும்புக்கு முன்னால் வலப்பக்கமாக மேலேறும் கீழ்ப் பெருஞ்சிரையில் சேர்ந்து நேராக இதயத்துக்குப் போகிறது. இதயத்தின் வலப்பக்கம் அதை நுரையீரலுக்குத் தள்ளுகிறது. இந்த வழியில் ஒரு கட்டி பிய்ந்தால் அது போய்ச் சிக்கும் இடம் நுரையீரல். மூச்சு திணறும், நெஞ்சு வலிக்கும், பெரிய கட்டியாக இருந்தால் உயிருக்கே ஆபத்து.

இரண்டாவது வழி வேறு. இரைப்பை, குடல், மண்ணீரல், கணையம் ஆகியவற்றின் ரத்தம் இதயத்துக்கு நேராகப் போவதில்லை. அது கணையத்தின் கழுத்துப் பகுதிக்குப் பின்னால் ஒன்றுசேர்ந்து, போர்ட்டல் சிரை என்ற சுமார் 8 செ.மீ. நீளமுள்ள தடித்த குழாயாகிக் கல்லீரலுக்குள் நுழைகிறது. கல்லீரலுக்கு வரும் ரத்தத்தில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு இந்தக் குழாய் வழியாகத்தான் வருகிறது. இங்கே கட்டி உண்டானால் அது கல்லீரல் என்ற வடிகட்டியில் நின்றுவிடும், நுரையீரலைத் தொடாது. அதற்காக ஆபத்தில்லை என்று ஆகிவிடாது. குழாய் அடைபட்டால் பின்னால் ரத்தம் தேங்கும், மண்ணீரல் வீங்கும், உணவுக்குழாயின் அடியில் உள்ள சிறிய சிரைகள் முறுக்கிக்கொண்டு புடைத்து ஒருநாள் ரத்தம் கசியும். கட்டி பின்னோக்கி வளர்ந்து குடலின் சிரைகளையும் அடைத்தால் குடலே பாதிக்கப்படும். ஆனால் இவற்றில் பலவும் நாட்களிலும் மாதங்களிலும் நடப்பவை. கவனித்துப் பிடிக்க நேரம் கிடைக்கும்.

அதனால்தான் "எத்தனை செ.மீ.?" என்று கேட்பதற்கு முன்னால் "எந்தச் சிரை?" என்று கேளுங்கள் என்கிறேன். ஒரே அளவுள்ள இரண்டு புடைப்புகளில் ஒன்றை வருடக்கணக்கில் சும்மா பார்த்துக்கொண்டிருக்கலாம், இன்னொன்றுக்கு உடனே அறுவை மருத்துவரைப் பார்க்க வேண்டியிருக்கலாம்.

வயிற்றுச் சிரைப் புடைப்புகளில் மிக அதிகமாகக் காணப்படுவது போர்ட்டல் சிரையிலும் அதில் சேரும் கிளைகளிலும்தான். மருத்துவ இதழ்களில் இது முதலில் விவரிக்கப்பட்டது 1956-இல். அப்போதெல்லாம் அறுவை செய்து திறந்தாலோ, இறந்த பிறகு பரிசோதித்தாலோதான் தெரியும். அல்ட்ராசவுண்டும் சி.டி.யும் பரவலான பிறகு, வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் தற்செயலாக மாட்டுவது அதிகமாகிவிட்டது. அதாவது நோய் கூடவில்லை, கண்ணில் படுவது கூடியிருக்கிறது. ஆரோக்கியமானவர்களில் போர்ட்டல் சிரை 15 மி.மீ.க்கு மேல் பெரும்பாலும் போவதில்லை, கல்லீரல் சுருங்கிப்போன சிரோசிஸ் நோயாளிகளிலும் 19 மி.மீ.க்குள்தான் இருக்கும் என்று அளந்து பார்த்திருக்கிறார்கள். அதனால் 20 மி.மீ.யைத் தாண்டி, ஓரிடத்தில் மட்டும் உப்பியிருந்தால் அதை அனியூரிசம் என்று சொல்வது வழக்கம். கல்லீரலுக்குள் போன பிறகு உள்ள கிளைகளுக்கு இந்த வரம்பு இதைவிடச் சிறியது. புடைப்பு பெரும்பாலும் வருவது இரண்டு குழாய்கள் சேரும் இடத்தில் அல்லது ஒன்று இரண்டாகப் பிரியும் இடத்தில். ரத்தம் திரும்பி, மோதி, சுழலும் இடங்கள் அவை.

ஏன் வருகிறது? சிலருக்குப் பிறவியிலேயே. கருவில் மஞ்சட்கருப் பையிலிருந்து வரும் இரண்டு சிரைகள் ஒன்றோடொன்று பின்னி, சில துண்டுகள் மறைந்து, மிச்சம்தான் போர்ட்டல் சிரையாகிறது. மறைய வேண்டிய ஒரு துண்டு முழுதாக மறையாமல் ஒரு சிறு பையாக நின்றுவிட்டால், அது பிற்காலத்தில் விரிந்து புடைப்பாகலாம். தாயின் வயிற்றிலிருக்கும் குழந்தையிடமே கண்டுபிடிக்கப்பட்டவை உண்டு என்பதால் இந்த விளக்கத்துக்கு வலு இருக்கிறது. மற்றவர்களுக்கு அது பிற்பாடு வருவது: சிரோசிஸால் போர்ட்டல் அழுத்தம் கூடுவது, கடுமையான கணைய அழற்சி பக்கத்துச் சுவரை அரிப்பது, வயிற்றில் அடிபடுவது, முன்பு செய்த அறுவை. கல்லீரல் முற்றிலும் நல்ல நிலையில் இருப்பவர்களுக்கும் புடைப்பு இருப்பதைப் பார்த்தால், அழுத்தம் மட்டுமே காரணமில்லை என்பது தெளிவு.

அறிகுறிகளைப் பற்றி ஒரு கணக்கு சொல்கிறேன், ஆனால் அதைப் படிக்கும் விதத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2009-இல் வந்த ஒரு தொகுப்பாய்வு, அதுவரை மருத்துவ இதழ்களில் பதிவான 198 நோயாளிகளை ஒன்றாக வைத்துப் பார்த்தது. போர்ட்டல் வகையில் சுமார் 45 சதவீதம் பேருக்கு வயிற்று வலி இருந்தது, 38 சதவீதம் பேருக்கு எந்த அறிகுறியும் இல்லை. சுமார் 14 சதவீதம் பேருக்குக் கட்டி உண்டாகியிருந்தது, வெடித்தது 2 சதவீதத்தை ஒட்டி. இந்த எண்களை அப்படியே உங்கள் மேல் போட்டுக்கொள்ளாதீர்கள். எதிலும் சிக்கல் இல்லாத நோயாளியைப் பற்றி யாரும் கட்டுரை எழுதுவதில்லை, சிக்கல் வந்தவரைப் பற்றித்தான் எழுதுவார்கள். ஆகவே உண்மையில் அறிகுறியே இல்லாமல் இருப்பவர்களின் பங்கு இதைவிட அதிகமாகவே இருக்கும். வயிற்று வலியும் அப்படித்தான். வலி இருந்ததால் ஸ்கேன் எடுத்தார்கள், ஸ்கேனில் புடைப்பு தெரிந்தது, அதனால் வலிக்குப் புடைப்புதான் காரணம் என்று முடிவு கட்டிவிட முடியாது. இரைப்பைப் புண்ணோ, பித்தப்பைக் கல்லோ, வேறு எதுவோ காரணமாக இருந்து, புடைப்பு சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். பெரிய புடைப்பாக இருந்தால் மட்டும் அது பித்தக்குழாயை அமுக்கி மஞ்சள் காமாலை வருவதும், முன்சிறுகுடலை அழுத்தி வாந்தி வருவதும் உண்டு.

இனி ஸ்கேன் அறைக்குள் போவோம், ஏனென்றால் நோயைக் கண்டுபிடிப்பதன் முக்கால்வாசி அங்கேதான் நடக்கிறது. ஆறு மணி நேரமாவது சாப்பிடாமல் வரச் சொல்லியிருப்பார்கள், குடலில் காற்று நிறைந்திருந்தால் பின்னால் இருப்பது எதுவும் தெரியாது என்பதால். வயிற்றில் ஜெல் தடவி, தொப்புளுக்கு மேலே கருவியை அழுத்துகிறார் மருத்துவர். திரையில் சாம்பல் நிறத்தில் கணையம். அதற்குப் பின்னால், கருகருவென்று வழுவழுப்பான ஒரு வட்டம். கறுப்பு வட்டம் என்றால் திரவம். நீர்க்கட்டியாக இருக்கலாம், கணைய அழற்சிக்குப் பிறகு வரும் போலிக்கட்டியாக இருக்கலாம், பித்தக்குழாயின் பிறவி விரிவாக இருக்கலாம், குடலிலிருந்து பிதுங்கிய ஒரு பையாகவும் இருக்கலாம். கறுப்பு வெள்ளையில் மட்டும் பார்த்துவிட்டு "கணையத்தில் நீர்க்கட்டி" என்று எழுதிவிடும் ஆபத்து இந்த நொடியில்தான் இருக்கிறது.

இப்போது அவர் கலர் டாப்ளர் பொத்தானை அழுத்துகிறார். அந்தக் கறுப்பு வட்டத்தின் ஒரு பாதி சிவப்பாகவும் மறு பாதி நீலமாகவும் நிறைகிறது, நடுவில் வளைந்த ஒரு கோடு. நிறங்கள் தமனி, சிரை என்று காட்டுபவை அல்ல, ரத்தம் கருவியை நோக்கி வருகிறதா விலகிப் போகிறதா என்பதைக் காட்டுபவை. பைக்குள் ரத்தம் வட்டமடிப்பதால் ஒரு பக்கம் வருகிறது, மறு பக்கம் போகிறது. அவ்வளவுதான், இது நீர்க்கட்டியில்லை, ரத்தக்குழாய். அப்புறம் ஒலியைக் கேட்பார்கள். தமனி என்றால் துடிப்புத் துடிப்பாக வரும். போர்ட்டல் சிரை என்றால் காற்று வீசுவது போல ஒரே சீரான, மூச்சோடு லேசாக ஏறி இறங்கும் ஒலி. கருவியை மெல்லத் திருப்பி, அந்தப் பை இரு முனையிலும் எந்தக் குழாயோடு போய்ச் சேர்கிறது என்று தொடர்ந்து பார்த்தால் எந்தச் சிரை என்பதும் தெரிந்துவிடும்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கலர் போட்டும் நிறம் நிரம்பவில்லை என்றால் இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, உள்ளே உண்மையிலேயே கட்டி அடைத்திருக்கிறது. இன்னொன்று, கருவியின் வேக அளவுகோல் தமனிக்கு ஏற்றபடி அதிகமாக வைக்கப்பட்டிருக்கிறது, மெதுவான ஓட்டத்தை அது கண்டுகொள்ளவே இல்லை. போர்ட்டல் ரத்தம் விநாடிக்குச் சுமார் 20 செ.மீ. வேகத்தில்தான் போகும், பைக்குள் அதைவிட மெதுவாக. அளவுகோலைக் குறைத்து மறுபடி பார்க்காமல் "கட்டி" என்றோ "நீர்க்கட்டி" என்றோ எழுதக்கூடாது. நல்ல கைக்கும் அவசரக் கைக்கும் இங்கேதான் வித்தியாசம் தெரியும்.

டாப்ளரில் சந்தேகம் வந்த பிறகு, முழுப் படத்துக்காகப் பெரும்பாலும் சாயம் ஏற்றிய சி.டி. எடுப்பார்கள். இதில் நேரம்தான் எல்லாம். கையில் ஏற்றிய சாயம் முதலில் தமனிகளை நிரப்பும், குடலையும் மண்ணீரலையும் சுற்றி வந்து போர்ட்டல் சிரையை நிரப்ப ஏறக்குறைய 70 விநாடிகள் ஆகும். தமனிகள் நிரம்பும் கட்டத்தில் மட்டும் படம் எடுத்தால், சாயம் வந்து சேராத புடைப்பு ஒரு சதைக்கட்டி போலவே தெரியும். கீழ்ப் பெருஞ்சிரையில் இன்னொரு ஏமாற்று இருக்கிறது. சிறுநீரகங்களிலிருந்து சாயம் கலந்த ரத்தம் வரும், கால்களிலிருந்து சாயம் கலக்காத ரத்தம் வரும், இரண்டும் சேரும் இடத்தில் கலக்காமல் கொஞ்ச தூரம் பக்கம் பக்கமாக ஓடும். படத்தில் அது கட்டி அடைத்தது போல இருக்கும். இன்னும் சற்று நேரம் கழித்து எடுத்த படத்தில் மறைந்துவிட்டால் அது கட்டி இல்லை. சாயம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும், கதிர்வீச்சைத் தவிர்க்க வேண்டிய கர்ப்பிணிகள், குழந்தைகளுக்கும் எம்.ஆர்.ஐ. உதவும்.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கணையத்துக்குப் பக்கத்திலோ, கல்லீரல் வாயிலிலோ, சிறுநீரகத்துக்கு மேலேயோ ஒரு உருண்டை தெரிகிறது, "ஊசி போட்டு எடுத்துப் பார்க்கலாம்" என்று யாராவது சொன்னால், அதற்கு முன் டாப்ளர் பார்த்தாயிற்றா என்று கேளுங்கள். சதைக்கட்டி என்று நினைத்துச் சிரைப் புடைப்பில் ஊசி குத்தினால் ரத்தம் கசியும், போர்ட்டல் அழுத்தம் கூடியிருப்பவரிடம் அது நிற்பதும் கடினம். ஓட்டம் இருக்கிறதா இல்லையா என்று பார்க்க சில நிமிடங்கள் போதும். இந்தக் கேள்வியைக் கேட்க நோயாளி தயங்கவே கூடாது.

கீழ்ப் பெருஞ்சிரைக்கு வருவோம். இங்கே புடைப்பு போர்ட்டலை விட அரிது, ஆனால் பொறுமைக்கு இடம் குறைவு. 1993-இல் வெளியான ஒரு வகைப்பாட்டை இன்றும் பயன்படுத்துகிறார்கள், அது நான்கு வகை சொல்கிறது. கல்லீரலுக்கு மேலே, இதயத்துக்குக் கீழே, அடைப்பு எதுவும் இல்லாமல் விரிந்திருப்பது முதல் வகை, இதைப் பெரும்பாலும் சும்மா கண்காணித்தால் போதும். பெருஞ்சிரையின் ஒரு பகுதி பிறவியிலேயே விட்டுப்போய், ரத்தம் வேறு வழியாகச் சுற்றிப்போகும் நிலையோடு சேர்ந்து வருவது இரண்டாம் வகை. சிறுநீரகங்களுக்குக் கீழே, வேறு குறைபாடு எதுவும் இல்லாமல் பை போலத் தொங்குவது மூன்றாம் வகை. இவற்றில் அடங்காதவை நான்காம் வகை. பை போலத் தொங்கும் வகையைத்தான் மருத்துவர்கள் அதிகம் கவனிக்கிறார்கள், ஏனென்றால் அதில் ரத்தம் தேங்கும், உறையும், அங்கிருந்து நுரையீரலுக்குத் திறந்த பாதை. அறிகுறியே இல்லாவிட்டாலும், உடல் தாங்கும் நிலையில் உள்ளவருக்கு அறுவையைப் பற்றிப் பேசுவது இங்கே நியாயமானது. காலில் திடீர் வீக்கமோ, காரணம் தெரியாத நுரையீரல் அடைப்போ வந்து, எங்கிருந்து வந்தது என்று தேடும்போதுதான் இது சிலருக்குத் தெரியவருகிறது.

சிறுநீரகச் சிரையில் வருவது இன்னும் அரிது. இடது சிறுநீரகச் சிரை நீளமானது, பெருந்தமனிக்கும் குடலுக்குப் போகும் பெரிய தமனிக்கும் நடுவே நுழைந்து வலப்பக்கம் போக வேண்டியிருக்கிறது. அந்த இடுக்கில் அமுக்கப்பட்டு அதற்கு முன்னால் கொஞ்சம் விரிந்திருப்பது பலரிடமும் காணக்கூடியது, அதை அனியூரிசம் என்று அவசரப்பட்டு எழுதக்கூடாது. இடுப்புப் பகுதியின் இலியாக் சிரையில் புடைப்பு இருந்தால், தமனிக்கும் சிரைக்கும் நடுவே தப்பான ஓர் இணைப்பு இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். காயம், முதுகுத் தட்டு அறுவை போன்றவற்றுக்குப் பிறகு அப்படி ஓர் இணைப்பு உண்டாகலாம். தமனியின் முழு அழுத்தமும் மெல்லிய சிரைக்குள் பாயும்போது அது விரியாமல் என்ன செய்யும்? அந்த இணைப்பை மூடுவதுதான் அங்கே முதல் வேலை.

இனி சிகிச்சை. போர்ட்டல் புடைப்பு, அறிகுறி இல்லை, கட்டி இல்லை, கல்லீரல் நன்றாக இருக்கிறது என்றால் பெரும்பாலானவர்களுக்கு எதுவும் செய்வதில்லை. "எதுவும் செய்யாமல் விடுகிறார்களே" என்று வருத்தப்படுகிறவர்கள் உண்டு. கண்காணிப்பும் சிகிச்சைதான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்லது வருடத்துக்கு ஒருமுறை டாப்ளர் எடுத்து மூன்று விஷயங்கள் பார்ப்பார்கள்: அளவு கூடியதா, உள்ளே கட்டி வந்ததா, பக்கத்தில் எதையாவது அமுக்குகிறதா. தொடர்ந்து பார்க்கப்பட்டவர்களில் பெரும்பாலோருக்கு அளவு மாறாமலே இருந்திருக்கிறது. இத்தனை செ.மீ. தாண்டினால் அறுவை என்ற ஒரே கோடு சிரைக்குக் கிடையாது. 3 செ.மீ.க்கு மேல் போனால் சில அறுவை மருத்துவர்கள் யோசிக்கத் தொடங்குவார்கள், வேறு சிலர் அறிகுறி வரட்டும் என்பார்கள். இரண்டு மருத்துவர்கள் இரண்டு விதமாகச் சொன்னால் அதில் ஒருவர் தவறு என்று அர்த்தமில்லை. இவ்வளவு அரிதான நோயில் பெரிய அளவில் ஒப்பிட்டுச் சோதிக்க ஆட்களே கிடைப்பதில்லை, ஆகவே ஒவ்வொருவரின் உடலையும் வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

கட்டி வந்துவிட்டால் ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து தொடங்குவார்கள். முதலில் ஹெப்பாரின் ஊசி, பிறகு வார்ஃபரின் அல்லது புதிய வகை மாத்திரைகள். வார்ஃபரின் என்றால் ஐ.என்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனையை 2-க்கும் 3-க்கும் நடுவில் வைத்துக்கொள்ள வேண்டும். பொதுவாகச் சில மாதங்களாவது தொடரும், எவ்வளவு காலம் என்பது கட்டி கரைகிறதா, உறையும் தன்மை பிறவியிலேயே இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. சிரோசிஸ் இருப்பவருக்கு இங்கே ஒரு சிக்கல்: உணவுக்குழாயின் அடியில் சிரைகள் முறுக்கி நிற்கும்போது இந்த மருந்தைக் கொடுத்தால் ரத்தம் கசியலாம். அதனால் முதலில் எண்டோஸ்கோபி செய்து, தேவையானால் அந்தச் சிரைகளுக்கு ரப்பர் வளையம் போட்டு, அல்லது அழுத்தம் குறைக்கும் ப்ரொப்ரனலால், கார்வெடிலால் போன்ற மாத்திரை கொடுத்துவிட்டுத் தொடங்குவார்கள். கட்டி புதிதாக வந்து குடலுக்கு ஆபத்து என்றால், கல்லீரல் வழியாக மெல்லிய குழாய் செலுத்திக் கட்டியைக் கரைப்பதும் உறிஞ்சி எடுப்பதும் தேர்ந்த மையங்களில் நடக்கிறது.

அறுவை என்றால் என்ன செய்வார்கள்? கல்லீரல் நன்றாக இருப்பவருக்கு, புடைத்த சுவரில் மிகுதியாக இருக்கும் பகுதியை வெட்டிவிட்டு மீதியை இயல்பான அகலத்துக்குத் தைப்பது ஒரு முறை. தொளதொளவென்று இருக்கும் சட்டையின் பக்கவாட்டைப் பிடித்துத் தைப்பது மாதிரி. சுவர் முழுவதுமே கெட்டிருந்தால் அந்தத் துண்டையே எடுத்துவிட்டு, உடலின் வேறு இடத்துச் சிரையையோ செயற்கைக் குழாயையோ இணைப்பார்கள். போர்ட்டல் அழுத்தம் கூடியவருக்குப் புடைப்பை மட்டும் தைத்தால் போதாது, அழுத்தம் அப்படியே இருந்தால் இன்னோர் இடம் புடைக்கும். அவருக்கு ரத்தத்தை வேறு வழியில் திருப்பிவிடும் இணைப்போ, கல்லீரலே கெட்டிருந்தால் மாற்றுக் கல்லீரலோதான் வேரைத் தொடும் சிகிச்சை. தமனியில் செய்வது போல உள்ளே ஸ்டென்ட் என்ற வலைக்குழாயை வைத்துவிட்டால் என்ன என்று கேட்பார்கள். சில இடங்களில் வைக்கிறார்கள். ஆனால் சிரை விரிந்து சுருங்கும் குழாய், மேலே போகப்போக அகலமாகும், பெருஞ்சிரையில் வைத்த ஸ்டென்ட் இறுக்கமாக நிற்காமல் நகர்ந்துவிட்டால் இதயத்தை நோக்கிப் போகும். மெதுவான ஓட்டத்தில் அதன் மேலேயே ரத்தம் உறையவும் கூடும். எனவே தமனியில் கிடைத்த வெற்றியை அப்படியே இங்கே எதிர்பார்க்க முடியாது.

அன்றாட வாழ்க்கையில் பெரிதாக எதையும் நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் ரத்தம் உறைவதைக் கூட்டும் விஷயங்களைப் பற்றி மருத்துவரிடம் முன்கூட்டியே பேசுங்கள்: ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை, கர்ப்பம், நீண்ட படுக்கை ஓய்வு, பெரிய அறுவை, உடலில் நீர் வற்றுவது, புகை. கர்ப்பமாகத் திட்டமிடுகிறவர் அதற்கு முன்பே சொல்லிவிட்டால் எந்த மருந்து, எத்தனை மாதத்துக்கு ஒரு ஸ்கேன் என்று திட்டம் போட்டுவிடலாம். திடீரென்று தாங்க முடியாத வயிற்று வலி, ரத்த வாந்தி, கறுத்த மலம், கண் மஞ்சளாவது, சிறுநீரில் ரத்தம், ஒரு காலில் மட்டும் வீக்கம், மூச்சுத் திணறல் இவற்றில் எது வந்தாலும் அடுத்த ஸ்கேன் தேதி வரை காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போய், "எனக்கு இந்தச் சிரையில் புடைப்பு இருக்கிறது" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். அனியூரிசம் என்று மட்டும் சொன்னால் அவர்கள் மனதில் முதலில் வருவது பெருந்தமனிதான்.

கடைசியாக ஒரு சின்ன வேலை. முதல் ஸ்கேனின் ரிப்போர்ட் தாளோடு நிற்காமல் படங்களையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வருடம் வேறு ஒருவர், வேறு கருவியில், மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லி அளந்து 27 என்று எழுதுவார். முன்பு 24 இருந்ததே, வளர்ந்துவிட்டதோ என்று மனம் பதறும். பழைய படம் கையில் இருந்தால் அதே இடத்தில், அதே மூச்சு நிலையில் மறுபடி அளந்து பார்க்கலாம். வளர்ந்ததா, அளந்த விதம் மாறியதா என்று அப்போதுதான் தெரியும்.